தொண்டர் என்று எழுதிவிட்டால் சம்பளப் பாக்கி இல்லையா?

இலங்கையின் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வனஜீவராசிகள் பாதுகாப்பில் வேலை செய்யும் ஒரு தன்னார்வ நிறுவனத்தில் ஆறு வருடமாக நிர்வாகமும் ஆளணியும் அவர் கையில். அவருடைய ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிக்கப்படுகிறது. அவரோடு சேர்த்து நியமனக் கடிதம் உள்ளவர்கள் 11 பேர், எல்லோருக்கும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டப்படுகிறது. அதற்கு வெளியே ‘களத் தொண்டர்கள்’ என்று 6 பேர். மாதத்தில் 20, 22 இரவுகள், மாலை ஆறு மணியிலிருந்து விடியும்வரை வயலோரம் நிற்கிறார்கள். யானை இறங்கினால் ஊருக்கும் வனஜீவராசிகள் அலுவலகத்துக்கும் சொல்வதும், மின்வேலி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. மூன்று வருடமாக மாதம் 24,000 ரூபாய் ‘கொடுப்பனவு’. ஈ.பி.எஃப். இல்லை, லீவும் இல்லை.

கடந்த பெப்ரவரியில், பெரும்போக அறுவடை நேரம், அவர்களில் ஒரு பையன் இரவுக் காவல் முடிந்து விடியற்காலை வீடு திரும்பும்போது ஒற்றை யானை குறுக்கே வந்து, மோட்டார் சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டான். நிறுவனம் ஒரு பழக்கூடையும் 10,000 ரூபாயும் கொடுத்தது. வராத மாதங்களுக்குக் கொடுப்பனவு இல்லை. “டியூட்டி முடிந்துவிட்டது, வாகனமும் அவனுடையது” என்பது பணிப்பாளரின் விளக்கம்.

இப்போது வரும் ஜூனோடு வெளிநாட்டு நிதி முடிகிறது. ஆறு பேரிடமும் ‘நாங்கள் தொண்டர்கள், எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்கி, ஒரு மாதம் வீட்டில் இருக்கவைத்து, புது நிதி வந்ததும் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு. ஆறு பேரில் நால்வருக்கு அந்தக் கடிதம் வாசிக்கத் தெரியாது. வாங்கவேண்டியது இந்தச் சகோதரி.

அவர் கேட்பது மூன்று. கையொப்பம் வாங்கினால் நான் மாட்டுவேனா? 180 நாள் தாண்டியதால் அவர்கள் நிரந்தரமாகிவிட்டார்களா? நான் வாயைத் திறந்து நிறுவனம் மூடப்பட்டால், யானைக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்க ஆளில்லாமல் போகும், அந்தப் பாவம் எனக்குத்தானே?

சகோதரி, கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஊர், பெயர், நிதி தரும் நாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். சாகாமம் தொடங்கி லகுகல வரை இந்த வேலை செய்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒரு சின்னத் தடயம் போதும்.

பெயரா, வேலையா?

உங்கள் கடிதத்தில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள், கவனிக்கவில்லை. எந்த இரவு யார் எங்கே நிற்பது என்று வட்ஸ்அப் குழுவில் பணிப்பாளர் உத்தரவு போடுகிறார். வராவிட்டால் அந்த இரவுக்குரிய பணம் வெட்டப்படுகிறது. நிறுவனப் பெயர் போட்ட ரீசேட், அடையாள அட்டை, டோர்ச் எல்லாம் நிறுவனம் கொடுத்தவை. வேறு வேலைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். இத்தனையும் உள்ள ஒருவரைத் தொழில் நியாய சபை (தொழில் வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) தொண்டர் என்று ஏற்றுக்கொள்வது மிகக் கடினம். யார் கட்டுப்படுத்துகிறார்கள், யாருடைய கருவியால் வேலை நடக்கிறது, அந்த வேலை நிறுவனத்தின் நாளாந்த ஓட்டத்தில் ஒரு பகுதியா, மாதாமாதம் பணம் போகிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். வவுச்சரில் என்ன தலைப்பு போட்டிருக்கிறது என்பது கடைசியில் வரும் விஷயம்.

உண்மையான தொண்டர்களும் இருக்கிறார்கள். ஒலுவிலிலிருந்தோ வந்தாறுமூலையிலிருந்தோ பல்கலைக்கழகப் பிள்ளைகள் வார இறுதியில் வந்து பறவை எண்ணிக்கொடுத்துவிட்டு, பஸ் காசும் மதியச் சாப்பாடும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு வராவிட்டால் அவர்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. உங்கள் ஆறு பேரும் ஒரு இரவு வராமல் இருந்துபார்க்கட்டும், வித்தியாசம் தெரியும். இந்த மண்ணில் போடியார் என்ற பெரிய நிலக்காரரிடம் வயல் வேலை செய்த முல்லைக்காரருக்குக்கூடப் போகம் முடிந்ததும் நெல்லில் கணக்குத் தீர்க்கும் வழக்கம் இருந்தது. மூன்று வருடம் காவல் நின்றவர்களுக்கு நன்றிக் கடிதம் கொடுத்து முடிக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

‘நாங்கள் தர்ம ஸ்தாபனம், எங்களுக்கு ஈ.பி.எஃப். கட்டாயம் இல்லை’ என்று பணிப்பாளர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ் 10 பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் தர்ம நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. நீங்கள் நியமனக் கடிதம் உள்ளவர்களை மட்டும் எண்ணினாலே 11 பேர். ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு எப்போதோ மூடிவிட்டது. தன்னார்வ அமைப்பாகப் பதிந்திருப்பதும், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிந்திருப்பதும் தொழில் சட்டத்திலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை.

180 நாள் என்ற கதை

இது ஊரெல்லாம் உள்ள நம்பிக்கை. கடை, ஹோட்டல், கார்மெண்ட் எங்கே கேட்டாலும் ‘ஆறு மாதம் ஆனால் பேர்மனன்ட்’ என்பார்கள். அப்படி ஒரு விதி இல்லை. ஈ.பி.எஃப். முதல் நாளிலிருந்தே கட்டவேண்டியது, அதற்கு ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. 180 நாள் என்ற கணக்கு வருவது வேறு சட்டத்தில். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும். ஒன்று, அவருடைய முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. நிறுத்துவதற்கு முந்திய 12 மாதத்தில் குறைந்தது 180 நாள் வேலை செய்தவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. முந்திய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடமாகவும் இருக்க வேண்டும்.

இங்கே உங்கள் கணக்கைப் பாருங்கள். தொண்டர் என்று ஒதுக்கினால் 11. அந்த ஆறையும் சேர்த்தால் 17. பணிப்பாளருக்கு இது தெரியுமோ தெரியாதோ, அந்த ஆறு பேரின் தலையில்தான் முழு நிறுவனத்தின் சட்டப் பொறுப்பும் தொங்குகிறது. கையொப்பம் வாங்கச் சொன்ன அந்த ஆங்கிலக் கடிதம் பிறகு ‘சம்மதம்’ என்று காட்டப்படக்கூடும். தெரியாத மொழியில், தொழில் போகும் பயத்தில் போட்ட கையொப்பத்துக்கு நியாய சபையில் அதிக மதிப்புக் கிடைக்காது. ஈ.பி.எஃப்., வேலை முடியும்போது கிடைக்கும் பணிக்கொடை போன்ற சட்ட உரிமைகளைத் தனிப்பட்ட கடிதத்தால் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஒரு மாதம் வீட்டில் இருக்கவைத்துத் திரும்ப எடுப்பதும் பழைய உத்தி. சேவைத் தொடர்ச்சியை அறுக்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் அதை உடைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் அந்தக் கடிதம், நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தே செய்தது என்பதற்கு நிறுவனமே தயாரித்துக் கொடுக்கும் சாட்சி.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிதித் திட்டம் ஒன்றுக்காகவே ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு ஆள் எடுப்பதும், அந்தக் காலம் முடிந்ததும் வேலை முடிவதும் சட்டவிரோதம் இல்லை. எந்தத் திட்டம், எந்தத் திகதிவரை, என்ன வேலை என்று ஊழியருக்குப் புரியும் மொழியில் முதலிலேயே எழுதிக்கொடுத்திருந்தால் நான் இன்று வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் ஆறு பேரிடமும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

பணக் கணக்கு

பணிப்பாளரோடு பேசப் போகும்போது சட்ட இலக்கங்களைவிட இது உதவும். ஈ.பி.எஃப். ஊழியர் பங்கு 8 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3. அந்தந்த மாதம் வெட்டாமல் விட்ட 8 சதவீதத்தைப் பிறகு ஊழியரிடம் பிடிக்க முடியாது, நிறுவனமே போட வேண்டும். ஆகவே 24,000இல் 23 சதவீதம், ஒருவருக்கு மாதம் 5,520 ரூபாய். ஆறு பேருக்கு மூன்று வருடத்துக்குக் கிட்டத்தட்ட 12 இலட்சம். இதற்கு மேல் தாமதத்துக்கான மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டிய பாக்கிக்கு 50 சதவீதம் வரை ஏறும். ‘கொடுப்பனவு’ என்று பெயர் வைத்ததால் இதிலிருந்து தப்ப முடியாது. வேலைக்காக மாதாமாதம் கொடுக்கும் பணத்தைச் சட்டம் சம்பாத்தியமாகத்தான் பார்க்கும்.

அப்புறம் நீங்கள் கடிதத்தில் தொடாத ஒன்று. தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000. உங்கள் 24,000 இரண்டுக்கும் கீழே. ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மாதமும் ஒரு துண்டு விழுந்துகொண்டே வருகிறது. ஈ.பி.எஃப். பாக்கியையும் அந்தத் தொகையில் போட்டால் மேலே சொன்ன 12 இலட்சம் இன்னும் கூடும்.

‘நிதி தருபவர்கள் இதற்கெல்லாம் காசு தரமாட்டார்கள்’ என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. யானைக்குக் கழுத்துப்பட்டி, ட்ரோன், செயலமர்வு மண்டபத்துக்கெல்லாம் வரி வரியாகக் கணக்குப் போடுகிறவர்கள், காவலுக்கு நிற்கும் மனிதனின் சேமலாப நிதிக்கு ஒரு வரி போடக் கூச்சப்படுகிறார்கள். புது முன்மொழிவில் உண்மைச் செலவை எழுதச் சொல்லுங்கள். 30,000 சம்பளத்துக்கு நிறுவனப் பங்கு 15 சதவீதம் சேர்த்தால் 34,500. பணிக்கொடைக்கு மாதம் 1,250 ஒதுக்கினால் 35,750. ஊழியர் கையில் 8 சதவீதம் கழித்து 27,600 வரும். இப்போது வாங்குவதைவிட அதிகம், கூடவே நிதியில் ஒரு சேமிப்பும். ஆறு பேரை இந்தத் தொகைக்கு வைத்திருக்க முடியாவிட்டால் நான்கு பேரை ஒழுங்காக வைத்திருப்பது நல்லது. அது ஒரு கசப்பான முடிவு, ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் பணிப்பாளர்.

கால் முறிந்த பையன்

இதைப் பிற்போடாதீர்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது, இது வேறு. வேலையினால், வேலை நேரத்தில் நடந்த காயத்துக்குத் தொழில் வழங்குநர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 2022இல் வந்த திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. ஆகவே ‘டியூட்டி முடிந்துவிட்டது’ என்ற பதில் இப்போது செல்லாது. வாகனம் யாருடையது என்பதும் பெரிய விஷயமில்லை. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு, நிரந்தரக் குறைபாடு என்று வைத்தியர் சொன்னால் மொத்தத் தொகை என்று சட்டம் பிரித்திருக்கிறது. யானையால் பாதிக்கப்பட்டோருக்கு அரசு தரும் நிவாரணத்தை வனஜீவராசிகள் திணைக்களத்தினூடாகத் தனியே கேட்டுப்பார்க்கட்டும். அது கிடைக்கும் என்பதற்காக நிறுவனத்தின் பொறுப்பு மறைந்துவிடாது.

அந்தப் பையனிடம் அல்லது அவன் தாயிடம் வைத்தியசாலையின் டயக்னோசிஸ் அட்டை, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, அந்த இரவு அவனை அங்கே நிறுத்திய வட்ஸ்அப் செய்தி மூன்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு அவனே விண்ணப்பிக்கலாம். நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக யாரும் எழுதவேண்டியதில்லை.

இன்னொன்று, இது உங்கள் துறை. மாரி மாதங்களில் ஒரே ஆளை 22 இரவு நிறுத்துவதும், தனி ஆளாக அனுப்புவதும் சட்டக் கேள்வி எழும்பும் முன்பே ஆபத்தானது. தூக்கம் இல்லாதவன் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் யானைப் பாதையால் போகிறான். இருவர் இருவராக, அறுவடைக் காலத்தில் இரவு மாறி இரவு, வெளிச்சம் வரும்வரை வாடியிலேயே இருந்துவிட்டு வீடு போவது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதற்கு நிதி தருபவரின் அனுமதி தேவையில்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதியும் எடுக்கச் சொல்லுங்கள். 17 பேருக்கான தவணை, ஒரு வழக்கின் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

நீங்கள் மாட்டுவீர்களா?

தொழில் திணைக்களம் முதலில் தேடிவருவது நிறுவனத்தையும் அதை நடத்துபவர்களையும்தான். ஆனால் ‘சொன்னதைச் செய்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று முழுதாக ஒதுங்கலாம் என்று நினைத்தால் அது சரியில்லை. தொழில் சட்டங்கள் பலவற்றில் நிறுவனம் செய்யும் குற்றத்துக்குப் பணிப்பாளர்களோடு பொறுப்புள்ள அலுவலர்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்தேன் என்று காட்டுபவருக்குத்தான் விலக்கு. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கே எழுதிவிட்டீர்கள். இனி இரண்டாவது வழிதான்.

ஆகவே கையொப்பம் வாங்காதீர்கள். சண்டை போடவும் வேண்டாம். பணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில், மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள்: இந்த ஆறு பேரும் சட்டப்படி ஊழியர்களாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம், அதனால் வரும் பாக்கி இவ்வளவு, கையொப்பம் வாங்குவதற்கு முன் நிர்வாக சபையும் கணக்காய்வாளரும் ஒரு சட்டத்தரணியும் இதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குற்றச்சாட்டு, கோபம், யானைப் பாசம் எதுவும் அதில் வரக்கூடாது. பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். சம்பளப் பட்டியலையும் கோப்புகளையும் மொத்தமாகக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வராதீர்கள். அது உங்களுக்கு எதிரான ஒழுக்காற்று விசாரணைக்கு அவர்களுக்கு ஒரு சாக்கு. நிதி தரும் நாட்டுக்கு நேராக மின்னஞ்சல் போடுவதையும் இப்போதைக்கு விடுங்கள். நிர்வாக சபைக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பாருங்கள். சபையில் இருக்கும் பலருக்கு இந்த ‘தொண்டர்’ ஏற்பாடு பற்றித் தெரிந்திருக்கவே மாட்டாது. தாங்களாகவே திணைக்களத்துக்குப் போய்ப் பதிந்து, பாக்கியைத் தவணையில் கட்டக் கேட்கும் நிறுவனமும், முறைப்பாடு வந்தபின் பிடிபடும் நிறுவனமும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை.

சபையும் கைவிட்டால், ஆறு பேரும் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குத் தாங்களே போகலாம். சட்டத்தரணி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஜூனில் நிறுத்திவிட்டால் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம் என்பதை மட்டும் யாராவது அவர்கள் காதில் போட்டுவைக்க வேண்டும். புது நிதி வரும், திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தே அந்த ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். வருடாவருடம் புதுப்பித்த ஒப்பந்தத்தை ‘காலம் முடிந்தது’ என்று சொல்லி நிறுத்துவது நியாய சபையில் கேள்விக்குள்ளாகும். ஆனால் வழக்கு இழுபடும், இந்தச் சின்ன வட்டாரத்தில் பெயரும் அடிபடும். வீட்டில் உங்கள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வேறு இடத்துக்கு விண்ணப்பங்களை இப்போதே அனுப்பத் தொடங்குங்கள். அது துரோகம் இல்லை.

நிறுவனம் மூடப்பட்டால் பாவம் உங்களுக்கா என்று கேட்டீர்கள். ஆறு பேரின் பாக்கியைக் கட்டினால் மூடவேண்டிவரும் என்றால், மூன்று வருடமாக அந்த நிறுவனத்தைத் தாங்கியது வெளிநாட்டு நிதி மட்டுமில்லை, அந்த ஆறு பேரின் சம்பளமும்தான். கணக்கில் வராத நன்கொடையாளர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை. யானைக் காவலும் உங்கள் ஒரு நிறுவனத்தோடு முடிவதில்லை. வனஜீவராசிகள் திணைக்களம், விவசாய அமைப்புகள், வயல் நீர்ப்பாசனத்தைப் பார்க்கும் வட்டவிதானைமார் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற ஆறு பேர் வெறுத்துப்போய்க் கட்டாருக்கு விமானம் ஏறுவதுதான் காவலுக்கு நிஜமான இழப்பு.

உங்கள் பணிக்கொடை பற்றிக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி வெட்டியிருந்தீர்கள். வெட்டியிருக்கத் தேவையில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். உங்களுக்கு மூன்று மாதச் சம்பளம் வரவேண்டும். ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பித்ததால் மட்டும் அந்த ஆறு வருடத்தையும் துண்டு துண்டாக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டமும் முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளிலாவது 15 பேர் வேலை செய்த இடத்துக்குத்தான். 11 என்று எண்ணினால் நீங்கள் நியாய சபையிடம் போய் அதன் தயவில் கேட்க வேண்டும். 17 என்று எண்ணினால் வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்தே ஆகவேண்டும். அந்த ஆறு பேர் கையொப்பமிட வேண்டிய கடிதத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.